புட்டியைப் பிடிக்கும் கை

புட்டிப்பால் குடிக்கும் குழந்தையை எடை பார்க்கத் தூக்கி வந்தால் நாங்கள் கேட்கும் முதல் கேள்வி, "என்ன பால் கொடுக்கிறீங்க?" என்பதுதான். பவுடர் பாலா, பசும்பாலா, பாக்கெட் பாலா, எந்த கம்பெனி டப்பா என்று விசாரணை நீளும். கேஸ் ஷீட்டில் அதை எழுத இடமும் இருக்கிறது. யார் கலக்குகிறார்கள், குழந்தையை எப்படிப் படுக்கவைத்துக் கொடுக்கிறார்கள், அது முகத்தைத் திருப்பினால் என்ன செய்கிறார்கள், மிச்சம் வைத்தால் அந்தப் பால் என்ன ஆகிறது என்பதை யாரும் கேட்பதில்லை; கேட்டாலும் எழுத இடமில்லை. குழந்தைகள் வார்டுச் செவிலியாக இருந்த காலத்தில் எனக்குள் உறுதிப்பட்டது இதுதான்: புட்டிக் குழந்தையின் வளர்ச்சியில் பாலுக்கு எவ்வளவு பங்கு உண்டோ, கிட்டத்தட்ட அவ்வளவு பங்கு அந்தப் புட்டியைப் பிடிக்கும் கைக்கும் உண்டு. ஒரே டப்பாப் பால் ஒரு வீட்டில் குழந்தையை ஊதவைக்கிறது, அடுத்த தெருவில் இன்னொரு குழந்தையை வற்றவைக்கிறது. பாலை மட்டும் விசாரித்தால் இதற்கு விடை கிடைக்காது.

பச்சைக் குழந்தைக்கு ஒன்றும் தெரியாது என்று நினைக்கிறோம். தனக்கு எவ்வளவு வேண்டும் என்பது அதற்குத் தெரியும். அமெரிக்காவின் அயோவாவில் சாமுவேல் ஃபோமன் என்ற குழந்தை மருத்துவர் அரை நூற்றாண்டுக்கு முன்பே இதைச் சோதித்துப் பார்த்தார். சில குழந்தைகளுக்கு நீர்த்த பால், சிலருக்குக் கெட்டியான பால்; வேண்டிய அளவு குடிக்க விட்டார். ஏறக்குறைய ஆறு வாரம் தாண்டிய குழந்தைகள் நீர்த்த பாலைக் கூடுதலாகவும் கெட்டிப் பாலைக் குறைவாகவும் குடித்து, உடலில் சேரும் கலோரியைப் பெருமளவு சமன் செய்துகொண்டன. அதற்கும் இளைய குழந்தைகளால் அவ்வளவு துல்லியமாகச் செய்ய முடியவில்லை. ஆக, அளவுக் கருவி குழந்தைக்குள்ளேயே இருக்கிறது. முதல் சில வாரங்களில் அது பழகுகிறது. தாய்ப்பால் குடிக்கும்போது அந்தக் கருவிக்குக் குறுக்கே யாரும் வருவதில்லை. குழந்தை இழுத்தால்தான் பால் வரும், நிறுத்தினால் வேகம் குறையும், மார்பில் இன்னும் எத்தனை மில்லி மிச்சம் என்று எந்த மாமியாராலும் எட்டிப் பார்க்க முடியாது. பசி தீர்ந்த பிறகும் ஆறுதலுக்காகச் சும்மா சப்பிக்கொண்டு கிடக்கலாம்; அதிகம் பால் வராது.

புட்டியில் இந்த மூன்றும் மாறுகின்றன. தலைகீழாகப் பிடித்த புட்டியிலிருந்து பால் தன் கனத்தால் இறங்குகிறது. வாய்க்குள் பால் வந்துவிட்டால் பிறந்த குழந்தை விழுங்கியே தீரும். அது அனிச்சைச் செயல், பசிக்கு அத்தாட்சி அல்ல. "குடிக்கிறதே சிஸ்டர், பசி இல்லாமலா குடிக்கும்?" என்று கேட்பவர்களுக்கு இதை விளக்குவது எங்கள் வேலையில் மிகக் கடினமான பகுதி. ஆறுதலுக்குச் சப்பினாலும் ஒவ்வொரு இழுப்புக்கும் பால் வரும். எல்லாவற்றுக்கும் மேலாக, புட்டியின் பக்கவாட்டில் கோடு போட்டிருக்கிறது. கோடு இருந்தால் மனிதக் கை அதை எட்டத்தான் பார்க்கும். ரப்பர் நிப்பிளின் துளை சிறியது, குழந்தை சிரமப்படுகிறது என்று ஊசியைப் பழுக்கக் காய்ச்சித் துளையைப் பெரிதாக்கும் வழக்கம் வேறு. பத்து நிமிடத்தில் குடிக்க வேண்டியதை மூன்று நிமிடத்தில் முடித்துவிட்ட குழந்தைக்கு வயிறு நிறைந்த சேதி மூளைக்கு எட்டுவதற்குள் புட்டி காலியாகிவிடுகிறது.

இது வெறும் ஊகம் இல்லை. அமெரிக்காவில் ரூவே லீ என்ற ஆய்வாளரின் குழு, 1,250 குழந்தைகளை முதல் ஆண்டு முழுக்கத் தொடர்ந்து கவனித்து 2010இல் முடிவுகளை வெளியிட்டது. முதல் ஆறு மாதம் மார்பில் மட்டுமே குடித்தவர்களில் 27 சதவீதம் பேர்தான் பிற்பாதியில் புட்டியையோ கோப்பையையோ காலி செய்யும் பழக்கம் உள்ளவர்கள். மார்பும் புட்டியும் கலந்து குடித்தவர்களில் அது 54 சதவீதம். புட்டி மட்டும் என்றால் 68. இரண்டு ஆண்டு கழித்து அதே குழு எடையையும் ஆராய்ந்தது. மார்பில் குடித்தவர்களோடு ஒப்பிட்டால், புட்டியில் மாற்றுப்பால் மட்டும் குடித்தவர்கள் மாதத்துக்கு 71 கிராம் கூடுதலாக ஏறினார்கள். பீய்ச்சி எடுத்த தாய்ப்பாலையே புட்டியில் மட்டும் குடித்தவர்கள் 89 கிராம் கூடுதலாக ஏறினார்கள். என்னைப் பொறுத்தவரை இந்த இரண்டாவது எண்தான் முக்கியம். பால் அதே தாயின் பால்; மாறியது பாத்திரமும் கையும்தான்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு, அதைத் தாண்டிப் போக முடியாது. பசி அதிகமுள்ள, அடிக்கடி அழும் குழந்தைக்குத்தான் வீட்டில் முதலில் புட்டி வருகிறது. அப்படியானால் புட்டியால் பசி வந்ததா, பசியால் புட்டி வந்ததா? கவனித்துப் பதிவு செய்யும் ஆய்வுகளால் இந்த முடிச்சை முழுக்க அவிழ்க்க முடியாது. பெலாரஸில் 17,046 தாய்-சேய் ஜோடிகளை வைத்து மைக்கேல் கிரேமர் நடத்திய பெரிய சோதனை இன்னும் சங்கடமானது. தாய்ப்பால் கொடுக்க ஊக்கம் தந்த மருத்துவமனைகளில் பிறந்த குழந்தைகளுக்கு முதல் ஆண்டில் வயிற்றுப்போக்கு நோய்கள் தெளிவாகக் குறைந்தன. ஆனால் பதினொரு வயதில் பார்த்தபோது உடல் பருமனில் வித்தியாசம் இல்லை. எனவே "புட்டி கொடுத்தால் பிள்ளை குண்டாகிவிடும்" என்று நான் யாரையும் பயமுறுத்த மாட்டேன். என் வாதத்துக்கு அவ்வளவு தேவையும் இல்லை. பெலாரஸ் சோதனை ஒப்பிட்டது தாய்ப்பாலை அதிகம் ஊக்குவித்த இடத்தையும் வழக்கம்போல் இருந்த இடத்தையும். புட்டி கொடுக்கும் இரண்டு வீடுகளுக்குள் கை எப்படி வேறுபடுகிறது என்பதை அது அளக்கவில்லை. அதை நெருங்கித் தொடும் தகவல் வேறு இடத்தில் கிடைக்கிறது. இரண்டு மாத வயதில் 6 அவுன்ஸ் அல்லது அதற்கும் பெரிய புட்டியில் பவுடர் பால் குடித்த குழந்தைகள், சிறிய புட்டியில் குடித்தவர்களைவிட ஆறு மாதத்துக்குள் சுமார் 200 கிராம் கூடுதலாக ஏறினார்கள் என்று 2016இல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. இரு தரப்புமே புட்டிதான், இரு தரப்புமே பவுடர் பால்தான். பெரிய புட்டியை நிரப்பும் கை காலியாகும்வரை விடுவதில்லை என்பதைத் தவிர வேறு விளக்கம் எனக்கு எளிதில் தோன்றவில்லை.

பாலுக்குப் பங்கே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. ஐந்து ஐரோப்பிய நாடுகளில் நடந்த சோதனையில் புரதம் அதிகமான மாற்றுப்பால் குடித்தவர்கள் ஆறு வயதில் பருமனாக இருக்கும் வாய்ப்பு, புரதம் குறைந்த பால் குடித்தவர்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இருந்தது. அந்தப் பங்கைப் பால் தயாரிப்பவர்களும் அரசும் சரிசெய்ய வேண்டும். வீட்டில் மாற்றக்கூடியது கை.

"கொழுகொழு என்று இருந்தால் என்ன கெட்டுப்போயிற்று?" என்பது அடுத்த கேள்வி. பால் டப்பா விளம்பரங்கள் சட்டப்படி நின்று முப்பது ஆண்டு ஆன பிறகும், அந்தப் படங்களில் இருந்த குழந்தை நம் மனத்தைவிட்டு இறங்கவில்லை. முன்பு உலகெங்கும் பயன்பட்ட அமெரிக்க வளர்ச்சி வரைபடமே பெரும்பாலும் புட்டிப்பால் குடித்த ஓஹையோ மாநிலக் குழந்தைகளை வைத்து வரையப்பட்டது. அதில் புள்ளி வைத்தால், மூன்று மாதத்துக்குப் பிறகு நன்றாகத் தாய்ப்பால் குடிக்கும் பிள்ளையின் கோடு சரிவதுபோலத் தெரியும். "பால் பத்தவில்லை" என்று எத்தனை நல்ல மார்புகளை அந்தக் கோடு ஓய்வுபெற வைத்ததோ! பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் தாய்ப்பால் குடித்து வளர்ந்த குழந்தைகளை அளந்து உலக சுகாதார நிறுவனம் 2006இல் புதிய அளவுகோலை வெளியிட்டது. இந்தியாவில் அளந்தது புது தில்லியில். இன்று அங்கன்வாடியில் தொங்கும் வரைபடம் அதுதான். அதில் புட்டிப் பிள்ளையின் கோடு செங்குத்தாக ஏறினால் பாட்டிமார்களுக்குப் பூரிப்பு. எங்களுக்கு அது கொடுக்கும் முறையை விசாரிக்க வேண்டிய இடம்.

ஆனால் நம் ஊரில் இந்த விசாரணையைக் கண்மூடித்தனமாகச் செய்யக் கூடாது. புனேயில் யாஜ்னிக் என்ற ஆய்வாளரின் குழு அளந்த கிராமத்துக் குழந்தைகளின் சராசரிப் பிறப்பெடை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் 3.5 கிலோ. தசையும் உறுப்புகளும் சிறுத்திருந்தும், நம் குழந்தையின் தோலுக்கடியில் கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறைந்திருக்கவில்லை. தில்லியில் பிறந்தது முதல் தொடரப்பட்டவர்களில், முப்பதை ஒட்டிய வயதில் சர்க்கரைக் கோளாறு வந்தவர்கள் கைக்குழந்தையாக இருந்தபோது மெலிந்தும், இரண்டு வயதுக்குப் பிறகு வேகமாக எடை கூடியும் வந்தவர்கள் என்று 2004இல் வெளியான ஆய்வு சொல்கிறது. எனவே சிறுத்துப் பிறந்த பிள்ளை முதல் மாதங்களில் எடை பிடிப்பதைத் தடுக்க நான் துணியமாட்டேன். வேண்டிய அளவைப் பிள்ளை தீர்மானிக்கட்டும் என்பதில் இதற்கும் இடம் இருக்கிறது: பசியுள்ள சிறு பிள்ளை அடிக்கடி கேட்கும், கேட்டபோதெல்லாம் கொடுக்க வேண்டும். குறைமாதக் குழந்தை மட்டும் விலக்கு. அதற்குப் பசியைக் காட்டும் வலு முதலில் இருக்காது. தீவிர சிகிச்சைப் பிரிவில் நாங்களே மணிக்கணக்கு வைத்து மில்லி கணக்கில் கொடுக்கிறோம், குறித்தும் வைக்கிறோம். பிரச்சினை, அந்தக் கணக்கோடு தாயை வீட்டுக்கு அனுப்புவதில் இருக்கிறது. பிள்ளை மூன்று கிலோ தாண்டி நன்றாக அழத் தொடங்கிய பிறகும் அவள் மிச்சப் பத்து மில்லியைத் தூங்கும் வாயில் சொருகிக்கொண்டிருப்பாள், ஆஸ்பத்திரியில் அப்படித்தானே சொல்லிக்கொடுத்தார்கள் என்று. கிலோவுக்கு நாளொன்றுக்கு 150 மில்லி என்ற வாய்ப்பாடு சராசரி. எந்த ஒரு பிள்ளைக்கும் எழுதிய கட்டளை அல்ல என்று டிஸ்சார்ஜ் சீட்டில் ஒரு வரி சேர்த்திருக்கலாம்.

இனி எதிர்ப்பக்கம். அரசு மருத்துவமனையில் ஊதிய பிள்ளையைவிட வற்றிய பிள்ளையைத்தான் அதிகம் பார்க்கிறோம். அங்கே கை செய்யும் தவறு வேறு. சரியாகக் கலக்கிய மாற்றுப்பாலில் 100 மில்லிக்கு ஏறக்குறைய 67 கலோரி இருக்கும். பெரும்பாலான டப்பாக்களில் 30 மில்லி தண்ணீருக்குத் தலைதட்டிய ஒரு கரண்டி. ஐந்து கிலோ பிள்ளைக்கு நாளைக்கு 750 மில்லி என்றால் இருபத்தைந்து கரண்டி, சுமார் 100 கிராம் தூள். 400 கிராம் டப்பா நான்கு நாளில் தீர்ந்துவிட வேண்டும். ஆகவே "எப்படிக் கலக்குறீங்க?" என்று கேட்பதைவிட "ஒரு டப்பா எத்தனை நாள் வருது?" என்று கேட்பது உத்தமம். முதல் கேள்விக்குச் சரியான பதிலை எல்லோரும் மனப்பாடமாக வைத்திருப்பார்கள். இரண்டாவதற்குப் "பத்து நாள் வரும்" என்று பதில் வந்தால் அந்தப் பிள்ளை தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறது. பசும்பாலில் சரிபாதி தண்ணீர் விளாவும் வீடுகளிலும் இதே கதை: 100 மில்லிக்கு 33 கலோரி, அதே ஐந்து கிலோ பிள்ளை ஒன்றரை லிட்டர் குடித்தால்தான் ஈடாகும். ஃபோமனின் குழந்தைகள் நீர்த்த பாலை ஈடுகட்டின என்பது உண்மை. அதற்கு வயிறு கொள்ளும் எல்லை உண்டு. தவிர, ஒரு வயதுக்குள் பசும்பாலே முக்கிய உணவானால் இரும்புச்சத்துக் குறைந்து சோகை பிடிக்கும். மறுபக்கம், இன்னும் தேறட்டும் என்று ஒரு கரண்டி கூடப் போடும் கையும் இருக்கிறது. அது ரத்தத்தில் உப்பை ஏற்றி, வெயில் காலத்தில், வயிற்றுப்போக்கும் சேர்ந்துகொண்டால் வலிப்பு வரை கொண்டுபோகும்.

அழுக்குக்கும் இதில் பங்கு உண்டு. பவுடர் பால் கிருமி நீக்கிய பொருள் அல்ல என்பது பலருக்குத் தெரியாது. குரோனோபாக்டர் என்ற கிருமி தூளிலேயே இருக்கக்கூடும். அதனால்தான் 70 டிகிரிக்குக் குறையாத சூட்டில் தண்ணீர் ஊற்றிக் கலக்கி, ஆற்றி, இரண்டு மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2007இல் வழிகாட்டியது. நம் வீடுகளில் தண்ணீரைக் காய்ச்சுவார்கள், பிளாஸ்கில் வெதுவெதுப்பாக ஆறவிட்டுக் கலக்குவார்கள். காய்ச்சியதன் பலன் பாதி போய்விடும். மிஞ்சிய பாலை அடுத்த வேளைக்கு வைப்பது அதைவிட மோசம். டப்பா விற்கும் விலையில் மிச்சத்தைக் கீழே ஊற்றச் சொல்லும் என்னை ஒரு கூலிக்காரப் பெண் முறைத்துப் பார்த்தால் அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. குறைவாகக் கலக்கி, வேண்டுமென்றால் மறுபடி கலக்கு என்பதே நடக்கக்கூடிய அறிவுரை.

இவ்வளவையும் சொல்லிக்கொடுப்பது புட்டிக்கு வக்காலத்து வாங்குவது ஆகாதா என்று என் துறைக்குள்ளேயே கேட்கிறார்கள். இந்த அச்சத்துக்குக் காரணம் உண்டு. சிசிலி வில்லியம்ஸ் என்ற மருத்துவர் 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் எழுந்து, டின்பாலைக் குழந்தை உணவென்று விற்று ஏழைக் குழந்தைகளைச் சாகவிடுவது கொலைக்குச் சமம் என்று பேசினார். மலாயாவில் பணியாற்றி அந்தச் சாவுகளைக் கண்ணால் பார்த்தவர் அவர். எழுபதுகளில் கம்பெனிகள் நர்ஸ் உடை அணிந்த விற்பனைப் பெண்களை ஆப்பிரிக்கப் பிரசவ வார்டுகளுக்கு அனுப்பிய வரலாறும் உண்டு. அந்தக் கொதிப்பில்தான் 1981இல் உலக விதிமுறையும், 1992இல் நம் நாட்டின் மாற்றுப்பால், பால்புட்டி ஒழுங்குமுறைச் சட்டமும் வந்தன. ஆனால் அதே சட்டம், மாற்றுப்பால் கொடுக்கும் முறையைச் செய்துகாட்டும் உரிமையைச் சுகாதாரப் பணியாளருக்கு மட்டுமே ஒதுக்கி, தவறாகக் கொடுத்தால் வரும் கேடுகளையும் விளக்கும்படி கட்டளையிடுகிறது. கம்பெனி ஆளை வெளியே நிறுத்தியது, நாங்கள் வாய்மூடி நிற்பதற்காக அல்ல. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளில் 55 சதவீதம்தான் தாய்ப்பால் மட்டுமே குடிப்பவர்கள். பிரசவமோ ஏறக்குறைய முழுதும் மருத்துவமனையில். மற்றவர்களிடம் "புட்டி கூடாது" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டால், அவர்கள் கற்றுக்கொள்வது டப்பாவின் மேலுள்ள பொடி எழுத்திலிருந்தும் பக்கத்து வீட்டிலிருந்தும்தான். தாய்ப்பாலை மீட்க வழியிருக்கும் இடத்தில் அதற்கே முதலில் முயல வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

புட்டியே வேண்டாத வழியும் நம்மிடம் இருக்கிறது. பாலாடை, சங்கு என்று நம் பாட்டிமார் புழங்கிய மூக்கு வைத்த சின்னக் கிண்ணம் இன்று இந்தியாவின் பச்சிளங்குழந்தைப் பிரிவுகளில் அன்றாடக் கருவி. சந்து பொந்து இல்லாததால் கழுவிக் கொதிக்கவைப்பது எளிது, கொள்ளளவும் சின்னது. அதிலும் கைக்கு வேலை உண்டு: உதட்டோரம் வைத்துக் குழந்தை நக்கி உறிஞ்சக் காத்திருந்தால் அது உணவூட்டல், கன்னத்தை அமுக்கித் தொண்டையில் ஊற்றினால் அது புரையேற்றம். புட்டிதான் என்று ஆனவர்களுக்குச் சொல்வது இவ்வளவே. சின்னப் புட்டி, மெதுவாகச் சொட்டும் நிப்பிள். பிள்ளையை மடியில் பாதி நிமிர்த்தி வைத்து, புட்டியை ஏறக்குறையப் படுக்கைவாட்டில், நிப்பிளில் மட்டும் பால் நிற்கும்படி பிடிக்க வேண்டும். நிப்பிளால் உதட்டைத் தொட்டு, வாயைத் திறக்கும்வரை காத்திருக்க வேண்டும். சில மடக்குக்கு ஒருமுறை புட்டியைத் தாழ்த்தி மூச்சுவிட நேரம் தர வேண்டும். பாதியில் கை மாற்றினால் பிள்ளைக்கும் ஓர் இடைவேளை கிடைக்கும். மூடிய விரல்கள் விரிந்தாலோ, உறிஞ்சல் தளர்ந்தாலோ, தலையைத் திருப்பினாலோ முடிந்தது; மிச்சம் எவ்வளவு என்று பார்க்கக் கூடாது. தலையணையை முட்டுக்கொடுத்துப் புட்டியை நிறுத்திவிட்டு அடுப்படிக்குப் போவதும், புட்டியோடு தூங்கவைப்பதும் காதில் சீழுக்கும் பல் சொத்தைக்கும் வழி.

இப்படிக் கொடுக்க இருபது நிமிடம் ஆகும், இருபது நிமிடத்துக்கு எங்கே போவது என்பது கடைசி மறுப்பு, நியாயமானதும் அதுவே. தமிழக அரசு ஊழியைக்கு 2021 முதல் பன்னிரண்டு மாதப் பேறுகால விடுப்பு. 2017 சட்டத் திருத்தத்தின்படி கம்பெனி ஊழியைக்கு இருபத்தாறு வாரம். சித்தாள் வேலைக்கும் வீட்டு வேலைக்கும் போகிறவளுக்குக் கர்ப்பகால உதவித்தொகை உண்டு, சம்பளத்தோடு விடுப்பு கிடையாது. அவள் இரண்டாம் மாதம் வேலைக்குப் போய்விடுவாள். அதற்குப் பிறகு புட்டியைப் பிடிக்கும் கை அவளுடையதே அல்ல. அது அம்மாச்சியின் கை, சில வீடுகளில் பள்ளிக்கூடம் போகும் அக்காவின் கை. ஆனாலும் நாங்கள் தாயைத்தான் உட்கார வைத்துப் பாடம் நடத்துகிறோம், எடை இறங்கினால் அவளைத்தான் கடிந்துகொள்கிறோம். டிஸ்சார்ஜுக்கு முந்தைய நாள் பார்வையாளர் நேரத்தில், வீட்டில் யார் பால் கொடுக்கப் போகிறாரோ அவரை வரவழைத்து, டப்பாவையும் கரண்டியையும் அவர் கையில் தந்து, ஒரு வேளைப் பாலைக் கலக்கிக் கொடுக்கச் சொல்லிப் பக்கத்தில் நின்று பார்க்கலாம். வார்டில் அதற்கு வேண்டியது ஒரு நாற்காலி, ஒரு வெந்நீர் பிளாஸ்க், குறுக்கே பேசாத ஒரு செவிலி.